ஹார்லனின் கேட்சர் கையுறை

இடது கைக்காரன் ஒருவன் கேட்சராகக் குந்தியிருந்து நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? பேஸ்பாலில் அது நடக்காத காரியம். மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிறவன் வலது கையால் எறிகிறவனாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் சொல்வார். அதனால் இடது கைக்காரனுக்கென்று கேட்சர் கையுறை யாரும் செய்வதில்லை. எப்போதாவது எங்கோ ஒன்று செய்திருப்பார்கள். அந்த ஒன்றைத்தான் டெல்மர் ஸ்வோபோடா, தபால்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், ஒஹாயோ ஆற்றங்கரை ஊர்களின் பழைய சாமான் கடைகளில் தேடிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். அவர் கதவைத் திறக்கும்போதே சிரிப்பார்கள்.

"வாங்க டெல்மர். இடது கை கேட்சர் கிளவுஸ் இன்னும் வரல. இடது கை ஸ்க்ரூடிரைவர் வந்திருக்கு, தரவா?"

"உன் மூஞ்சிக்கு அதத்தான் விக்க முடியும்" என்பார் டெல்மர். சொல்லிவிட்டு, விரிசல் விழுந்து ஆணி அடித்த மட்டைகளையும், பூச்சி அரித்த கம்பளிச் சட்டைகளையும் தள்ளிக்கொண்டு கையுறைக் கூடைக்குப் போவார். ஒவ்வொன்றிலும் கையை விட்டுக் கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பார்.

அது ஹார்லன் டீட்ஸின் கையுறை. அந்த நாளில் பக்கத்து வீட்டில் இருந்த இடது கைக்காரப் பையன். அவனுடைய மாமா சிகாகோவிலிருந்து எங்கோ சொல்லிச் செய்து வாங்கி அனுப்பினார். சின்ன வயதில் டெல்மர் எறிந்த பந்தை வேறு யாராலும் பிடிக்க முடியாது. நேராக வருகிற மாதிரி வந்து கடைசி நிமிஷத்தில் கீழே சரிந்து ஒரு பக்கமாக ஓடும். மற்ற பையன்கள் தொடையில் வாங்கிக்கொண்டு திட்டுவார்கள். ஹார்லன் மட்டும் பிடித்துவிட்டு, "இன்னொண்ணு போடுறா, தூக்கம் வருது" என்பான். பிறகு அவன் அப்பாவுக்கு வீலிங் நகரத்துப் பக்கத்தில் இரும்பு ஆலையில் வேலை கிடைத்தது. கட்டில், அலமாரி எல்லாம் ஏற்றிய லாரியின் பின்னால் உட்கார்ந்து, கையுறையை மாட்டிய கையை ஆட்டிக்கொண்டே போனான். டெல்மர் கண்ணுக்குக் கடைசியாகத் தெரிந்தது அவன் முகம் இல்லை, அந்தக் கையுறைதான்.

அவர் மனைவி பெர்னி, சாப்பாட்டு மேஜையில் வைக்கிற பழைய உப்புக் குப்பிகளைச் சேகரிக்கிறவள். கடைகளுக்குக் கூடவே வருவாள். அவளுக்கு இந்தத் தேடல் புரியவே இல்லை.

"டெல், கிளவுஸ எதுக்குத் தேடுற? ஆளத் தேடு. வீலிங்லதான் இருக்கான். விலாசம், போன் நம்பர் எல்லாம் எடுத்து உன் கையிலயே குடுத்தேன்."

"போய் என்ன சொல்றது?"

"நான்தான் டெல்மர்னு சொல்லு."

"அதுக்கு அவன், சரி, அதுக்கு என்னம்பான்."

"அப்படிச் சொன்னா திரும்பி வந்துடு. வழியில ஒரு கடையில நான் ஆப்பிள் பை வாங்கித் தர்றேன், சாப்பிடலாம்."

அவர் போகவில்லை. வயசான இரண்டு ஆம்பளைகள் எதிரெதிரே நின்று, உன் ஞாபகமாகவே இருந்தேன் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? கையில் அந்தக் கையுறை இருந்தால் பேச ஒரு சாக்கு கிடைக்கும். அவனே எங்கேயாவது தொலைத்திருப்பான், கொண்டுபோய்க் கொடுக்கலாம். இப்படித்தான் அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, பழைய தீவன மில் ஒன்றைக் கடைகளாகத் தடுத்து வைத்திருந்த இடத்துக்குப் போனார்கள். லைல் என்ற புது ஆள் ஒரு மூலையைப் பிடித்து விளையாட்டுச் சாமான்களாக அடுக்கியிருந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கேட்சர் கையுறை. டெல்மர் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் மாறியிருந்தது.

"தம்பி, அத எடு."

"நல்ல கண்ணு சார் உங்களுக்கு. இடது கைக்காரனுக்குச் செஞ்சது. இந்த மாதிரி நானே பார்த்ததில்ல."

தோல் பளபளவென்று இருந்தது. புது வார் கோத்திருந்தான். டெல்மர் மணிக்கட்டுப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஹார்லன் மையால் பேர் எழுதி வைத்திருந்த இடம் அது. தோல் அங்கே மட்டும் வெளுத்து, பஞ்சு மாதிரி கிடந்தது.

"இங்க ஒரு பேர் இருந்திருக்குமே?"

"இருந்துச்சு சார். எடுத்துட்டேன்" என்றான் லைல் பெருமையாக. "யாரோ ஒரு பையன் பேரு. அது இருந்தா விலை போகாது. தோல் சோப்பு, அப்புறம் உப்புத் தாள். ரெண்டு சாயங்காலம் உட்கார்ந்து தேய்ச்சேன்."

"என்ன பேருன்னு பார்த்தியா?"

"யார் சார் பார்த்தா? தேய்க்கிற அவசரம்."

பெர்னி லைலை ஒரு பார்வை பார்த்தாள். "ஒழுங்காப் படிச்சிட்டுத் தேய்ச்சிருக்கலாம்ல தம்பி" என்றாள்.

டெல்மர் கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்துக் கையுறைக்குள் வைத்தார். நடுவில் வைத்த பந்து அங்கே நிற்கவில்லை. கட்டைவிரல் பக்கம் உருண்டு, கீழே ஒரு பள்ளத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி அங்கேயே போனது.

"அது கொஞ்சம் கோணலாப் பழகியிருக்கு சார்" என்றான் லைல். "நடுவுலதான் குழி விழணும். எவனோ ஒரே மாதிரி பந்து போட்டுப் போட்டுக் கெடுத்திருக்கான்."

"நான்தான்" என்றார் டெல்மர்.

லைல் சிரித்தான். யாரும் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான்.

"எங்க வாங்கின இத?"

"வீலிங்ல சார். ஒரு வீட்டைக் காலி பண்ணி எல்லாத்தையும் விக்கப் போட்டிருந்தாங்க. சட்டி, பானை, படுக்கை, கோட்டு எல்லாம். இது படுக்கையறை அலமாரியில, மேல் தட்டுல, துணி சுத்தி இருந்துச்சு."

"அந்த வீட்டு ஆள்?"

"நான் எதுவும் கேக்கறதில்ல சார். சில பேரு பிள்ளைங்க வீட்டுக்குப் போவாங்க. சில பேரு..." அவன் தோளைக் குலுக்கினான்.

லைல் சொன்ன விலையை டெல்மர் கொடுத்தார். பேரம் பேசவில்லை. பெர்னி உப்புக் குப்பி எதையும் பார்க்காமலே வெளியே வந்தாள்.

வண்டியில் கையுறை அவர் மடியில் இருந்தது. அவள்தான் ஓட்டினாள். ஹார்லன் அதைத் தொலைக்கவில்லை. துணி சுற்றி வைத்திருக்கிறான். இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தவன் தானாக விற்றிருக்க மாட்டான். இது கடைக்கு வராமலே இருந்திருக்கலாம் என்று டெல்மருக்குத் தோன்றியது. கிடைக்காமலே தேடிக்கொண்டு, ஸ்க்ரூடிரைவர் கிண்டலைக் கேட்டுக்கொண்டு இன்னும் நாலு வருஷம் ஓட்டியிருக்கலாம்.

"மக வீட்டுக்குப் போயிருப்பான்" என்றார். "அரிசோனா பக்கம். வயசானவங்கல்லாம் அங்கதான போறாங்க, குளிருக்குப் பயந்து."

"இருக்கும்" என்றாள் பெர்னி.

"படிக்கட்டு ஏற முடியாம இருந்திருக்கும். கேட்சருக்கெல்லாம் முட்டி போயிடும்."

"இருக்கும் டெல்."

"போறவன் இதக் கையோட எடுத்துட்டுப் போயிருக்கலாம்."

ஆற்றுப் பாலம் தாண்டியதும், "போன் பண்ணிப் பாரேன்" என்றாள்.

"ராத்திரி பண்றேன்."

ராத்திரி அவர் பண்ணவில்லை. அவளும் ஞாபகப்படுத்தவில்லை. வலது கையில் கையுறையை மாட்டிக்கொண்டு, இடது கையால் பந்தை அதற்குள் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை இருவரும் வீலிங்குக்குப் போனார்கள். பெர்னி கொடுத்த விலாசத்தில் இருந்த வீட்டு முன்னால் விற்பனைப் பலகை நட்டிருந்தது. ஹார்லன் ஜனவரியில் இறந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். டெல்மர் அவளுக்கு நன்றி சொன்னார். திரும்பி வரும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி முட்டையும் காப்பியும் சாப்பிட்டார்கள்.