மெர்வின் தோண்டிய மலைப் புதினா

எங்கள் தெருவில் யாராவது செடியைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், நான் நடுவில் புகுந்துவிடுவேன். எந்த மண்ணுக்கு எது, எந்தப் பூவுக்கு எந்த வண்டு வரும், எல்லாம் எனக்குத் தெரியும் என்ற தலைக்கனம். எங்கள் ஊரின் நாட்டுச் செடிச் சங்கத்துக்கு ஆறு வருஷமாகத் தலைவி வேறு. லோர்னா கெஸ்லர் என்று சொல்லிப் பாருங்கள், ஒன்று சிரிப்பார்கள், இல்லை ஓடிப்போவார்கள்.

என்னுடைய பெருமையெல்லாம் மலைப் புதினாதான். கடையில் விற்கிற புதினா இல்லை, இந்தப் பென்சில்வேனியா மலையில் தானாக வளர்ந்தது. மான் வாய் வைக்காது. ஜூலையில் மேலிலைகள் மாவு தூவினாற்போல் வெளுத்துவிடும், நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பூ. அந்தப் பூவுக்குத் தேனீ, குளவி, பட்டாம்பூச்சி என்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கூட்டம்தான். வேலியோரம் இருபதடி நீளத்துக்கு வளர்த்திருந்தேன். மத்தியானம் பக்கத்தில் போய் நின்றால் ரீங்காரம் காதை அடைக்கும்.

அடுத்த வீட்டு ஜோலீன் இரண்டு தேனீப் பெட்டி வாங்கியதே என்னால்தான். முப்பது வருஷம் வீடு வீடாகத் தபால் போட்டுவிட்டு ஓய்வு பெற்றிருந்தாள். பொழுது போகவில்லை என்றாள். வேலிக்கு இந்தப் பக்கம் இவ்வளவு பூ வீணாகிறதே, தேனீ வளர்க்கலாமே என்று நான்தான் நச்சரித்தேன். பெட்டிகளை வேலியை ஒட்டி, அவளுடைய லைலாக் புதருக்குப் பின்னால் வைத்தாள். தேனீக்கள் ரொம்ப தூரம் அலைய வேண்டாமாம்.

என் மகன் கர்ட்டிஸுக்கு ஆகஸ்டில் கல்யாணம். அதற்கு முன்னால், ஜூலையில் ஒரு சனிக்கிழமை, ஃபிலடெல்ஃபியாவிலிருந்து சம்பந்தி வீட்டார் எங்கள் தோட்டத்துக்கு விருந்துக்கு வருவதாக ஏற்பாடு. ஜூன் மாதம் வந்தபோது பெண்ணின் அம்மாவைக் கொசு கடித்துக் கால் வீங்கிப்போயிற்று. கர்ட்டிஸ் மூன்று தரம் போன் பண்ணி, "இந்தத் தடவை ஏதாவது பண்ணும்மா" என்றான். கொசு மருந்து அடிக்கிறவர்களைச் சங்கக் கூட்டத்தில் நிற்க வைத்துத் திட்டுகிற நான், யாருக்கும் தெரியக் கூடாது என்று இரண்டு ஊர் தள்ளி இருக்கிற ஓர் ஆளைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். அன்றைக்கு ஜோலீன் தன் அக்கா வீட்டுக்குப் போகிறாள் என்பது எனக்குத் தெரியும். காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னேன்.

வந்தவர் பொறுப்பான மனிதர். முதுகில் மருந்து யந்திரத்தை மாட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்தார். மலைப் புதினாவுக்கு எதிரில் வந்ததும் நின்றுவிட்டார். "பூவெல்லாம் விரிஞ்சு கிடக்கே. நான் வேணா பொழுது சாஞ்சப்பறம் வரட்டுமா? பக்கத்துல யாராவது தேனீ வளர்க்கறாங்களா?" என்று கேட்டார்.

விருந்தாளிகள் நாலு மணிக்கு வருகிறார்கள். "யாரும் இல்லைங்க" என்றேன்.

புதினாவை மட்டும் விட்டுவிடும்படி சொல்லிப் பார்த்தேன். கொசு பகலில் போய் ஒண்டுவதே இந்த மாதிரி அடர்ந்த இலைக்கு அடியில்தான், அதை விட்டால் அடித்தும் பிரயோசனம் இல்லை என்றார். சரி, லேசாக அடியுங்கள் என்றேன். லேசாகவாம். போகும்போது மருந்து அடித்திருக்கிறது என்று எச்சரிக்கிற சின்ன மஞ்சள் கொடியைப் புல்லில் குத்திவிட்டுப் போனார். வண்டி தெருமுனை திரும்பியதும் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.

விருந்து நன்றாகவே நடந்தது. ஒரு கொசு இல்லை. பெண்ணின் அம்மா உருளைக்கிழங்கு சாலட்டை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எவ்வளவு அமைதியான தோட்டம் என்று பாராட்டினாள். அப்போதுதான் வேலிப் பக்கம் காது கொடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை.

ஞாயிறு காலை ஜோலீன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். இரண்டு பெட்டிகளுக்கும் முன்னால் செத்த தேனீக்கள் விரல் கனத்துக்குக் குவிந்து கிடந்தன. உயிர் போகாதவை நாக்கை நீட்டிக்கொண்டு மல்லாந்து சுழன்றன. இராணிகளும் பிழைக்கவில்லை. ஜோலீன் தரையில் உட்கார்ந்து குப்பை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"எவனோ மருந்து அடிச்சிருக்கான்டி. எவன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. உனக்குத்தானே இதெல்லாம் அத்துப்படி" என்றாள்.

பார்க்கிறேன் என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன நாக்கை என்ன செய்தால் தகும்.

நான் கண்டுபிடித்துச் சொல்லும்வரை அவள் காத்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் அவளே ஓர் ஆளைப் பிடித்துவிட்டாள். எதிர்வீட்டு மெர்வின். ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி போய்ச் சேர்ந்த பிறகு புல்தரையே கதி என்று கிடக்கிறவர். கம்பளம் விரித்தாற்போல் இருக்கும் அவருடைய புல். அதைப் பச்சை சிமென்ட் என்று பல வருஷமாகக் கேலி பண்ணி, சங்கத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்தவள் நான். வெள்ளிக்கிழமை அவர் வண்டி தள்ளிக்கொண்டு புழு மருந்துக் குருணை தூவியதைத் தெருவே பார்த்திருக்கிறது. ஆகவே எல்லோரும் நம்பினார்கள். புதன்கிழமை தேவாலயத்துச் சாப்பாட்டில் அவருடைய மேசையில் ஒருவரும் உட்காரவில்லை. மனிதர் தனியாகச் சூப்பைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

அவர் குற்றவாளி இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். குருணை மண்ணுக்குள் இறங்குகிற மருந்து. அதனால் தேனீ சாக வேண்டுமென்றால் புல்லுக்கு நடுவில் குளோவர் மாதிரி ஒரு களைப் பூவாவது இருக்க வேண்டும். மெர்வின் புல்லில் மருந்துக்குக்கூட ஒரு பூ கிடையாது. எந்தத் தேனீ அங்கே போகும்? இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியானால் யார் என்று அடுத்த கேள்வி வரும். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை மெர்வின் மண்வெட்டியும் இரண்டு வாளியுமாக என் வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"லோர்னா, அந்த மருந்துப் பை மேல இருக்கற எழுத்தை நேத்துதான் பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சேன். தேனீக்கு ஆகாதுன்னு போட்டிருக்கான். நாப்பது வருஷமாத் தூவறேன், ஒரு நாள்கூடப் படிச்சதில்லை" என்றார்.

ரோட்டோரப் புல்லை நீளமாகச் சீவி எடுத்துவிட்டாராம். அங்கே மலைப் புதினா வைக்க வேண்டுமாம். ஜோலீன் மறுபடி பெட்டி வைத்தால் அவளுடைய தேனீக்கு உதவும் இல்லையா என்றார். சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்க்காது. வாயைத் திறந்தேன். ஜூலை வெயிலில் பெயர்த்து நட்டால் வாடும், செப்டம்பரில் வாருங்கள் என்றுதான் வந்தது. அந்த நேரத்திலும் மேதாவித்தனம்.

"அதுவரைக்கும் அவ முகத்துல நான் எப்படி முழிக்கறது? தண்ணி ஊத்திக் காப்பாத்திக்கறேன்" என்றார்.

முழங்கால் தேய்ந்த மனிதர். நின்றுகொண்டு தோண்ட முடியாமல், வேலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டி போட்டார். வேரோடு கொத்துக் கொத்தாகப் பெயர்த்தார். இலை கசங்கிப் புதினா வாசனை எழும்பியது. ஒரு கொத்தைத் தூக்கியபோது அடியில் காய்ந்த தேனீக்கள் பத்திருபது இருந்தன. அவற்றை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார்.

"என் மருந்தைத் தின்னுட்டு இங்க வந்து விழுந்திருக்கு பாருங்க" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரைமணி நேரம் நின்றேன். நான் ஒரு மனுஷியா என்று எனக்கே இருந்தது. இருந்தும் அடுத்த கொத்துக்கு வாளியை நீட்டினேன்.

வாளிகள் நிறைந்ததும், ஜோலீன் வீட்டுக்குக் கூட வர முடியுமா என்று கேட்டார். அவருக்குத் தனியாகப் போகக் கூச்சமாம். நான் இருந்தால் கதவையாவது திறப்பாளாம். போனோம். ஜோலீன் திறந்தாள், அவரைப் பார்த்ததும் முகம் இறுகியது. மெர்வின் தொப்பியைப் பிசைந்துகொண்டு, "ஜோலீன், உன் தேனீ எல்லாம்..." என்று ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. ஜோலீனுடைய முகம் மெல்ல இளகுவதைப் பார்த்தேன். அவருடைய தோளைத் தொடக் கையை நீட்டினாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவர் இல்ல ஜோலீன். நான்தான்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வெளியூர் ஆளைக் கூப்பிட்டது, அவர் கேட்டது, நான் பொய் சொன்னது, கொடியைப் பிடுங்கிப் போட்டது. ஜோலீன் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"நான் அக்கா வீட்டுக்குப் போற நாள்னு தெரிஞ்சுதான் வரச் சொன்னியா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா" என்றேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மெர்வின் அங்கேயே நின்றார். முழங்காலில் மண் அப்பியிருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்கத் திரும்பினேன். அவர் என்னை முந்திக்கொண்டார். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்கிறவர்போல் கேட்டார்.

"நான் மண்டி போட்டுத் தோண்டறப்ப நீங்க பக்கத்துலதானே நின்னுட்டிருந்தீங்க?"

"நின்னுட்டிருந்தேன்" என்றேன்.