சார்ஜரின் கடிகாரம்

மின்சார அலுவலகத்தில் எனக்கு வாயால் பிழைக்கிற வேலை. மின்சார வண்டி வைத்திருப்பவர்களைத் தேடிப் போய், மாலை ஆறிலிருந்து பத்துவரை ஊரே மின்சாரத்தை இழுக்கிற நேரம், அப்போது சார்ஜ் போடாதீர்கள், பத்துக்கு மேல் போடுங்கள் என்று சொல்லித் தலையாட்ட வைப்பேன்.

அப்படிப்பட்ட நான் குடியிருந்த கட்டடத்திலேயே தினமும் ஏழரை மணிக்கு மேல் ஃபியூஸ் போனது. ஒருநாள் மேல்வீட்டுப் பெரியவர் லிஃப்டுக்குள் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டார். குடியிருப்போர் கூட்டத்தில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். மானம் போகிறதே என்று கீழ்வீட்டு நர்ஸைக் கைகாட்டினேன். அவளுக்கு எப்போதும் இரவு டியூட்டி. ஆறரைக்கு ஸ்கூட்டரைச் சார்ஜில் போட்டு எட்டரைக்குக் கிளம்புவாள். பத்துக்கு மேல் போடு என்றால் அவள் எதில் வேலைக்குப் போவாள்? அந்த ஸ்கூட்டர் ஓர் இஸ்திரிப் பெட்டி அளவுகூட இழுக்காது. எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

"ஒருத்தர் அவசரத்துக்கு நாங்க எல்லாரும் இருட்டுல உக்காரணுமாம்மா?"

அவள் தலை குனிந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் மாலை, காரில் விட்டுவந்த மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கீழே இறங்கினேன். என் கார் ஜம்மென்று சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பத்து மணிக்குத் தானாகத் தொடங்கும்படி நான்தான் வைத்திருந்தேன். சார்ஜரின் கடிகாரத்தில் பத்து அடித்து இரண்டு நிமிடம். என் கைக்கடிகாரத்தில் ஏழரை தாண்டி இரண்டு நிமிடம். எந்த நாட்டிலோ செய்த சார்ஜர், அந்த நாட்டு நேரத்தோடேயே வந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் நேரம் சொல்கிற நான் அதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பிளக்கைப் பிடுங்குவதற்கு முன்னால் யாராவது பார்க்கிறார்களா என்றுதான் முதலில் பார்த்தேன். கடிகாரத்தைத் திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு ஃபியூஸ் போகவே இல்லை. அடுத்த கூட்டத்தில் சார் ஒரு வார்த்தை சொன்னார், எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். நர்ஸ் எழுந்து நின்றாள்.

"மறுநாளே ஸ்கூட்டர வித்துட்டேன் சார். இப்ப ரெண்டு பஸ் மாறித்தான் போறேன். என்னால எல்லாருக்கும் எவ்வளவு கஷ்டம். மனசுல வெச்சுக்காதீங்க."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"பரவாயில்லம்மா" என்றேன்.

அத்தனை பேர் முன்னாலும் அவளை மன்னித்துவிட்டேன்.