ரெண்டு இலக்கம் வரக் கூடாது

பீடோர் தாண்டியதும், வண்டியில் வைக்கும் சின்ன ஃபிரிட்ஜ் கீச்சென்று கத்தியது. பின் ஸீட்டில் பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால், நான்கு டிகிரி என்று எரிந்த பச்சை எண்ணைக் காணோம். கரண்டு போதவில்லை என்பதற்கான சிவப்பு விளக்கு மின்னியது. கொஞ்ச நேரத்தில் அது அடங்கி, ஐந்து என்று காட்டியது.

ஐந்துதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் மறுபடி மறுபடி திரும்பிப் பார்த்தேன். உள்ளே என் மகளுக்கான பால் இருந்தது.

எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்தவள். ஈப்போ ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். டின் பால் கொடுத்தால் வயிறு உப்பிவிடுகிறது. என் மனைவி கலாதேவிக்கோ ஆப்பரேஷன் காயம் ஆறவில்லை. வீட்டுக்குள் நடக்கலாம், வண்டியில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் சுங்காய் வீட்டில் அவள் பீய்ச்சிச் சேர்ப்பாள். நான் ஈப்போவுக்கு ஓட்டுவேன். அவளுக்குக் காய்ச்சல் கண்டதிலிருந்து பால் வற்றிக்கொண்டே வந்தது. நேற்று முழுக்க அழுது அழுது அவள் எடுத்தது மூன்று சின்ன பாட்டில். அதை விட்டால் வேறு இல்லை.

"ரெண்டு இலக்கம் காட்டுனா கொண்டு வராதீங்க அண்ணே. நாங்க கீழ ஊத்திருவோம்," என்று வார்டு நர்ஸ் ஷாமினி முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தாள்.

சித்தியவான் பக்கம் தூண்டில் போடப் போகும்போது மீனை வைக்க நான் வாங்கிய ஃபிரிட்ஜ் அது. "மீனுக்கு ஏசி ரூம் கேக்குதோ?" என்று கலா ஒரு வருஷமாவது கிண்டல் செய்திருப்பாள். வண்டி நின்றாலும் அது ஓட வேண்டும், அதே சமயம் வண்டி கிளம்புவதற்கான பேட்டரியும் தீர்ந்துவிடக் கூடாது என்று, அதற்கென்றே இரண்டாவது பேட்டரி ஒன்றை என் கூட்டாளி ஜெயபாலன் பிக்கப்பில் மாட்டிக் கொடுத்தான். பிள்ளை பிறந்த பிறகு கலா கிண்டலை நிறுத்திவிட்டாள். மீன் வாடை போக அவளே சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

நேற்றுதான் வீட்டில் தீட்டுக் கழிந்தது. அத்தனை நாள் விளக்குப் பக்கம் போகாமல் இருந்தவள், இன்று விடிந்ததும் சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நிலைக்குப் பொட்டு, அடுப்புக்குப் பொட்டு, வண்டி ஸ்டியரிங்குக்குப் பொட்டு. துடைத்துக் காயப்போட்டிருந்த ஃபிரிட்ஜ் பக்கம் அவள் நகர்ந்தபோது நான் குளிக்கப் போய்விட்டேன். பிறகு வீட்டுக் கரண்டு வயரில் அதை நாலுக்குக் குளிர வைத்துத்தான் வண்டியில் ஏற்றினேன்.

தாப்பா ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்தி ஐஸ் வாங்கியிருக்க வேண்டும். ஆறுதானே காட்டுகிறது, மிதித்தால் போய்விடலாம் என்று மிதித்தேன். புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. கோப்பெங்குக்கு முன்னால் லாரி ஒன்று கவிழ்ந்து ஹைவே முழுக்க அடைத்துக் கிடந்தது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

ஏழு.

ஃபிரிட்ஜின் மோட்டார் ஒவ்வொரு தடவையும் உறுமிக் கிளம்பும், உடனே செத்துப்போகும். சிவப்பு விளக்கு வரும். ஜெயபாலனைக் கூப்பிட்டேன்.

"என்னாடா வயரிங் பண்ணுன நீ? பேட்டரி செத்துப்போச்சு!"

"கத்தாத மச்சான். மீட்டர்ல எத்தன வோல்ட் காட்டுது?"

"பன்னெண்டே முக்கா."

"அப்பறம் எப்படிலா சாகும்? ஃபுல்லா இருக்கு. பின்னாடி சாக்கெட்ட விடு. முன்னாடி சிகரெட் சாக்கெட் இருக்குல்ல, அதுல குத்து. அது வண்டியோட பெரிய பேட்டரியில ஓடும்."

வயரை இழுத்து முன்னால் குத்தினேன். மோட்டார் உறுமியது. நின்றது. எட்டு.

"இதுலயும் வரல!"

"அலாமா! அப்ப ஃபிரிட்ஜே போச்சோ என்னமோ."

அவனைத் திட்டிவிட்டு வைத்தேன். வைத்த கையோடு கலா கூப்பிட்டாள்.

"ஏங்க, போயாச்சா?"

"சிம்பாங் பூலாய் வந்துட்டேன்."

"பாலு?"

"ஜில்லுனு இருக்கு."

"மறுபடியும் உக்காந்து பாத்தேங்க. ஒரு சொட்டு வரமாட்டேங்குது." அவள் குரல் உடைந்தது. "இன்னிக்கு அது போதும்ல?"

போதும் என்றேன். இடமும் பொய், ஜில்லும் பொய்; வண்டி இன்னும் கோப்பெங்கைக்கூடத் தாண்டவில்லை. பயம் என்றால் பயம், அப்படி ஒரு பயம். ஏசியை முழுக்கத் திருப்பி ஃபிரிட்ஜின் பக்கம் வைத்தேன். என் சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்தினேன். பக்கத்துக் காரில் இருந்த சீனக் கிழவர், பனியனோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஒன்பது.

இரண்டு பேட்டரியிலும் ஓடவில்லை. இரண்டுக்கும் பொதுவானது என்ன? ஃபிரிட்ஜிலிருந்து வரும் இந்தப் பிளக்தான். ஆத்திரத்தோடு பிடுங்கினேன். வீசி எறியத்தான் கை ஓங்கினேன். அப்போதுதான் அதன் நுனி கண்ணில் பட்டது.

மஞ்சளாக ஒரு வட்டம். நடுவில் சிவப்பு.

கரண்டு ஏறும் அந்தச் சின்ன உலோக முனையில், காய்ந்து கெட்டியாகி, சந்தனமும் குங்குமமும். பிளக்குக்கு நெற்றி எது என்று தேடித் தேடி, மிகச் சரியாக அந்த இடத்தில் வைத்திருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவள் எதிரில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. வீட்டுச் சாவியால் சுரண்டினேன். சந்தனம் பொடிப்பொடியாக மடியில் உதிர்ந்தது. திட்ட வேண்டிய வார்த்தையெல்லாம் வாயில் வரிசையாக நின்றது. சுரண்டச் சுரண்ட அழுகைதான் வந்தது. காயத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து வைத்திருப்பாள். பிள்ளையைத் தொட முடியாதவள், பிள்ளைக்குப் போகிற வயரைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறாள்.

பனியனில் துடைத்து, பின் சாக்கெட்டிலேயே குத்தினேன். மோட்டார் உறுமியது. நிற்கவில்லை. உறுமிக்கொண்டே இருந்தது. எண் மட்டும் ஒன்பதிலேயே நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில், முன்னால் வண்டிகள் நகர்ந்தது தெரியாமல் பின்னாலிருந்து ஹாரன் வாங்கினேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு வார்டில் நின்றபோது, ஷாமினி பாட்டில்களைத் தன் தெர்மாமீட்டரால் சோதித்தாள். முகம் சுருங்கியது.

"எட்டு. என்னைக்கும் நாலுதானே வரும்?"

"ஹைவேல ஜாம்மா," என்றேன்.

மூடியைத் திறந்து முகர்ந்தாள். யாரையோ உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "பரவால்ல அண்ணே, எடுத்துக்குறோம். அடுத்த தடவ பாத்து."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மெல்லிய குழாயில் பால் வெள்ளையாக இறங்குவதைக் கடைசிச் சொட்டு வரை நின்று பார்த்தேன். என் மகள் சப்புக்கொட்டினாள். வெளியே வந்து கலாவுக்குப் போன் போட்டேன்.

"குடிச்சிட்டா."

அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "எனக்குத் தெரியுங்க. அதுக்குத்தான் காலைல ஒன்னு விடாம பொட்டு வச்சேன். அந்த வயருக்குக்கூட வச்சேன். நீங்கதான் இதெல்லாம் நம்பமாட்டீங்க."

என் நகக்கண்ணில் இன்னும் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"ஆமா கலா," என்றேன். "நாளைக்கு ஃபிரிட்ஜ் மூடி மேல வை. பெருசா வை."