வந்த காரணம்

சுகிர்தா குளித்துவிட்டு வந்தபோது அவளுடைய பை கட்டிலில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் வீட்டுக்காரி மங்கையற்கரசி, கையில் படங்களுடன்.

"ஆர் இந்தப் பெடியன்?"

"அண்ணா, அன்ரி."

"கண் காட்ட வந்த பிள்ளைக்கு அண்ணாவின்ர படம் பத்துக் கொப்பி என்னத்துக்கு?"

"வவுனியாவில ஆமிக்காரங்கள் பிடிச்சவங்கள். கொழும்புக்குக் கொண்டு வந்ததெண்டு கேள்வி. தேடத்தான்..."

"இயக்கமோ?"

"பேக்கரியில மா குழைச்சவன், அன்ரி."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். நாளைக்கு அறையை விட்டு வெளிக்கிடும்."

வெள்ளவத்தையில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் யாரையும் நம்புவதில்லை. தமிழர் எவர் தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். வந்த காரணம் சொல்ல வேண்டும். பிசகினால் வீட்டுக்காரியையும் சேர்த்துத்தான் ஜீப்பில் ஏற்றுவார்கள்.

கேற் தட்டும் சத்தம் கேட்டது. சார்ஜன்ட் விமலசேன, சிங்களப் படிவத்துடன். மங்கையற்கரசி படங்களைச் சீலைக்குள் செருகிக்கொண்டாள்.

"புதுசா ஒரு பிள்ளை நிக்குதாம். என்னத்துக்கு வந்தது, நோனா?" சிங்களத்தில் கேட்டான்.

சிங்களம் தெரியாத சுகிர்தா மங்கையற்கரசியின் வாயையே பார்த்தாள். மங்கையற்கரசி சுவரைப் பார்த்தாள். அங்கே அவள் கணவரின் படம், பதினாலு வருசமாக மாலை போடாமல். அவளும் பொட்டை அழிக்கவில்லை. தெரு அதற்கும் கதைத்தது.

"கண்ணில கோளாறு. கிளினிக்குக்கு வந்தவ."

எழுதினான். "இந்த முறை வீட்டுக்காரரும் பதியட்டாம். உங்கட காரணம்?"

"முப்பது வருசமா இஞ்சதானே இருக்கிறன்!"

"எனக்குத் தெரியும். கட்டம் சும்மா கிடக்கக்கூடாதாம்." சிரித்துக்கொண்டே, மேலே எழுதியதே இதற்கும் என்று இரண்டு கோடு கீறி நீட்டினான். "கையெழுத்தை வையுங்கோ."

அவள் பேனையை வாங்கினாள். அந்தக் கோடுகளை வெட்டினாள். தமிழில் எழுதினாள்: 'எண்பத்துமூன்று யூலைக் கலவரத்தில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன என் கணவர் இன்னும் வரவில்லை.'

"ஐயோ நோனா, ஸ்டேசனில இதை வாசிக்க ஒருத்தருமில்லை."

"பதியச் சொன்னது நீங்கள். பதிஞ்சிட்டன்."

அவன் போனதும் கேற்றைச் சாத்திவிட்டு வந்து படங்களைக் கட்டிலில் வைத்தாள். ஒன்றை மட்டும் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு எந்த முகாமுக்குப் போறீர், பிள்ளை? சிங்களம் தெரிஞ்ச ஆள் வேணுமெல்லே."