பிராகேவுக்கு மருந்து இறங்கிவிட்டது

...பார்க்கட்டும், நன்றாகத் தடவியே பார்க்கட்டும், அதற்குத்தானே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன், இன்னும் இரண்டு நாய்கள், அப்புறம் என் பிராகே, நடுவரம்மா பல்லைப் பார்ப்பாள், முதுகைத் தடவுவாள், பிறகு அந்தக் கை பின்னங்கால்களுக்கு நடுவே போகும், விதை இரண்டும் கையில் தட்டுப்பட வேண்டும், இல்லாவிட்டால் வெளியே போ என்பாள், இன்று தேறாத நாயை எல்க் மான் வேட்டைநாய்ச் சங்கம் இனவிருத்திக்கு விடாது, அவ்வளவுதான்... கண்காட்சித் திடலின் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஓட்வார் நிற்கிறான், சங்கத் தலைவன், என் பக்கத்து வீட்டுக்காரன், ஒரு கையில் காப்பி, மறு கையில் அவனுடைய பெட்டை நாய், காலையில் நான் வண்டியை விட்டு இறங்கியதுமே எல்லார் காதிலும் விழும்படி கேட்டான், "என்ன குன்வோர், காயடிச்ச நாயையா கண்காட்சிக்குக் கூட்டிட்டு வந்திருக்க? வாஃபிள் தின்னுட்டுப் போகவா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "உனக்கும் ஒண்ணு வாங்கித் தரேன், வாயை மூடிக்கிட்டுத் தின்னு" என்றேன்.

காயடிக்கவில்லை என்று எத்தனை தரம் சொல்வது, தக்க காரணமில்லாமல் அறுக்க நார்வேயில் சட்டமே விடாது, இது தெரியாதவனா ஓட்வார்? ஆண் சுரப்பைக் கொஞ்ச காலம் அடக்கி விதையைச் சுருக்கிவைக்கும் அரிசியளவு ஒரு மருந்துக் குச்சி, தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் வைத்தார்கள், அதன் வேகம் தீர்ந்ததும் நாய் பழையபடி ஆகிவிடும்... எதனால் வைத்தேன்? இவனுடைய பெட்டைகளால்தான், ஒன்று மாற்றி ஒன்று பருவத்துக்கு வரும், வேண்டுமென்றே வேலியோரம் கட்டுவான், பிராகே தீனியைத் தொடாமல் ஊளையிட்டு ஊளையிட்டு விலா எலும்பு தெரிய நின்றது, "ஆம்பள நாய்னா அப்படித்தான் இருக்கும்" என்று இவன் சிரித்தான், பட்டினி கிடப்பதில் என்ன ஆண்மை வேண்டிக்கிடக்கிறது? குச்சி வைத்த முதல் வாரங்களில் இன்னும் மோசம், கால்நடை டாக்டர் மாரீட் முன்பே சொல்லியிருந்தாள், "மொதல்ல வெறி ஏறும், அப்புறம்தான் எறங்கும், பொறுத்துக்க" என்று, சோபா மெத்தையைக்கூட அது விட்டுவைக்கவில்லை, ஓட்வார் வேலியில் சாய்ந்து கைதட்டினான், நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு ஒரு காலையில் தட்டு காலியாக இருந்தது, பிராகே வேலிப்பக்கம் திரும்பவேயில்லை, அந்த வருட வேட்டையில் எல்க்கை மடக்கி நிறுத்திக் குரைத்தது எது, இவனுடைய ஆம்பளை நாய்களா? மாலையில் என் பாதங்களின் மேல் படுத்துக்கொள்ளும், கனமாக, சூடாக, நான் அடுப்படிக்குப் போனால் பின்னாலேயே வரும், ஒற்றை ஆளாக இருக்கிற வீட்டில் அது எனக்குப் பிடித்திருந்தது, ஏன், பிடிக்கக் கூடாதா?... ஆனால் குச்சி வைத்தது எனக்காக இல்லை, பிராகேவுக்காகத்தான். இப்போது மருந்தின் வேகம் இறங்கிவிட்டது என்று ரத்தத்தைப் பார்த்துவிட்டு மாரீட் சொன்னாள், நானும் தடவிப் பார்த்தேன், இருக்கிறது, முன்பிருந்த அளவுக்கு இருக்கிறதா...

கூப்பிட்டுவிட்டார்கள். பிராகே நிற்கிறது, வால் முதுகின் மேல் இறுகச் சுருண்டிருக்கிறது, பல், காது, முதுகு, இதோ கை கீழே போகிறது, ஏன் இவ்வளவு நேரம், ஓட்வார் காப்பியைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டே நிற்கிறான், நடுவரம்மா நிமிர்ந்து, "ரெண்டும் இருக்கு. நல்லாவே இருக்கு. இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்றாள், கயிற்றைச் சுற்றிச் சிரிப்பு, இந்தத் தடவை அவனைப் பார்த்து. ஜெயித்துவிட்டேன். "பாத்தியா, ஓட்வார்? உன் வாஃபிள் ஆறிப்போகுது!" என்று கத்தினேன், குனிந்து பிராகேவைக் கட்டிக்கொள்ளப் போனேன், அது என் கைக்குள் நிற்கவில்லை, கழுத்துவார் இறுக இறுக இழுக்கிறது, மூக்கு ஓட்வாரின் பெட்டையின் பக்கம், உடம்பு முழுக்க நடுக்கம், "பிராகே" என்றேன், "பிராகே, இங்க பாருடா" என்றேன், ஒரு காதுகூடத் திரும்பவில்லை. இதற்காகத்தானே சண்டை போட்டேன், பழையபடி வர வேண்டும் என்றுதானே... மாரீட்டிடம் இன்னொரு குச்சி இருக்கும், ஒரு போன் போட்டால் போதும், பட்டினி கிடந்து எலும்பு தெரியும்வரை காத்திருக்க வேண்டுமா, இப்போதே வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது, அது இன்னும் ஒரு வேளைத் தீனியைக்கூடத் தள்ளவில்லை, அதற்குள் எனக்கு ஏன் இந்த அவசரம்?