ஊர்ப் பொதுவுக்கு ஓர் இங்கிலீஷ் வார்த்தை

ஐந்து மணிக்குள் கடிதம் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும். மணி நாலாகப் போகிறது. செவ்வந்தியோ அரை மணி நேரமாக ஒரே ஒரு வார்த்தையில் முட்டிக்கொண்டு நின்றாள்.

உத்திரமேரூர் தாலுகா ஆபீசுக்கு எதிரே முத்துவேல் நடத்தும் டைப்பிங் கடையில் அவளுக்கு ஆறு வருட வேலை. எம்.ஏ. இங்கிலீஷ் படித்த பெண் என்று வருகிறவர்களிடம் முத்துவேல் பெருமையடித்துக்கொள்வார். அவர்கள் தலை மறைந்ததும், "ஒரு வார்த்தைக்கு ஒம்போது வார்த்த தேடிக்கினு கீற. இன்னா, பரீட்சையா எழுதற?" என்று எரிந்து விழுவார்.

இன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் வேதகிரி. அவளுடைய சொந்த ஊரான கருங்குட்டையில் பெரிய நிலக்காரர். ஹைவே பக்கத்துக் கம்பெனி ஒன்று ஊருக்குக் குடிதண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தது. அந்தத் தண்ணீர் யாருக்கு என்று ஊர்க்காரர்கள் இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க வேண்டும். நோட்டுத் தாளில் அவர் எழுதி வந்ததோ ஒரே வரி: 'இது ஊர்ப் பொதுவுக்கு.'

முதலில் 'காமன்' என்று அடித்தாள். அடித்த கையோடு அழித்தாள்.

காரணம் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்பு இதே வேதகிரி, இதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தண்ணீர்த் தொட்டிக்குக் கடிதம் அடிக்கச் சொன்னார். அப்போது அவள் வேலைக்குப் புதுசு. யோசிக்காமல் 'காமன்' என்று போட்டுவிட்டாள். தொட்டியும் வந்தது, மாரியம்மன் கோயில் மதிலுக்கு உள்ளே. அம்மா ஆண்டாளம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனபோது, "இது ஊர்ப் பொதுவும்மா. உங்களுக்குத்தான் அந்தாண்ட குழா கீதே" என்று அனுப்பிவிட்டார்கள்.

கருங்குட்டையில் ஊர் என்றால் ஆறு தெரு. ஏழாவதான அந்தோணியார் தெரு, செவ்வந்தியின் வீடு இருக்கும் தெரு, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வரி கட்டுகிறது, ஓட்டுப் போடுகிறது, ஆறு தெருக்காரர்களின் வயலில் நாற்று நடுகிறது. ஆனால் ஊரில் சேராது. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். அந்தத் தெருக் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். அம்மா இரண்டு தடவை கல்லடைப்பு வந்து துடித்துவிட்டாள். அன்று காலிக் குடத்தோடு திரும்பி வந்தவளிடம், அந்தக் கடிதத்தை அடித்தது தான்தான் என்று செவ்வந்தி இன்றுவரை சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

'ஜெனரல்' போட்டுப் பார்த்தாள். பெரும்பாலும் என்று ஆகிவிடும், ஒரு தெரு நழுவிப் போகத் தாராளமாக இடமுண்டு. 'பப்ளிக்' எதிரே கக்கூஸ் சுவரில் எழுதியிருந்தது, கதவில் பூட்டும் தொங்கியது. 'வைட்ஸ்பிரெட்' டெங்குக் காய்ச்சலுக்குத்தான் சரிப்படும். கால் தன்னால் ஆடிக்கொண்டே இருந்தது. கடைசியில், ஒருத்தரையும் விடாத வார்த்தை என்று 'யூனிவர்சல்' அடித்தாள்.

வேதகிரி அந்தத் திரையைச் செல்போனில் படம் பிடித்துச் சென்னையில் இருக்கும் மகனுக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது. பேசிவிட்டு நிமிர்ந்தார்.

"உலகத்துக்கே தண்ணி குடுக்கறாப்புல கீதாம். அத தூக்கிட்டு, போன தபா போட்டியே, காமனோ இன்னாவோ, அதையே போடு."

"சார், அந்தோணியார் தெருவுக்கும் சேத்துதானே?" ஊரில் அவரை 'ஐயா' என்பாள். கடையில் மட்டும் 'சார்'.

"மெஷின் மொதல்ல வரட்டும்மே. அதெல்லாம் அப்பால பேசிக்கலாம்."

சத்தம் போடாமல் தன் இஷ்டத்துக்கு அடித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் முத்துவேல் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கடிதமானாலும் தமிழில் உரக்கப் படித்துக் காட்டி, கையெழுத்துப் போடுகிறவர் 'சரி' என்ற பிறகுதான் பிரிண்டர் ஓடும். ஒருதரம் படிக்காமல் விட்டதில், முழுசாக உட்கார்ந்திருந்த மனிதருக்கே இறப்புச் சான்றிதழ் கேட்டு மனு போய்விட்டது. அதிலிருந்து அந்த வழக்கம். செவ்வந்தி ஒருநாளும் மாற்றிப் படித்ததில்லை.

சட்டென்று அவள் கால் ஆடுவது நின்றது. 'யூனிவர்சல்' உட்பட எல்லாவற்றையும் அழித்தாள். மளமளவென்று நாலு வரி அடித்தாள்.

"படிக்கிறேன் சார், கேட்டுக்கோங்க."

பெஞ்சில் ஐந்தாறு பேர் மனுவோடு காத்திருந்தார்கள். தாலுகா ஆபீஸ் கிளார்க் ஜான்சன் ஜெராக்சுக்காக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். செவ்வந்தி குரலை உயர்த்தினாள்.

"இந்தத் தண்ணீர் மாரியம்மன் கோயில் தெரு, பெரிய தெரு, மேட்டுத் தெரு, செட்டித் தெரு, ஏரிக்கரைத் தெரு, புதுத் தெரு, அந்தோணியார் தெரு ஆகிய ஏழு தெருவுக்கும். மெஷின் ஏழு தெருவுக்கும் நடுவில், ரேஷன் கடைக்கு அருகே வைக்கப்படும்."

வேதகிரியின் முகம் கறுத்தது. "இன்னாத்துக்கு இவ்ளோ நீட்டி முழக்கற? எடு அத."

"எத எடுக்கணும் சார்? தெரு பேரச் சொல்லுங்க, அடிச்சிடறேன்."

தெருவின் பெயரைச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் அவரையே பார்த்தார்கள். டீ கிளாஸ் பாதி வழியில் நிற்க, ஜான்சனும் பார்த்தார். வேதகிரி வாயை மூடிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"டைமாவுது. இருக்கட்டும், போடு" என்றார். கையெழுத்துப் போடும்போது பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுத்தினார். கிளம்பும்போது குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஊருக்கு வருவ இல்ல" என்றார்.

"தினம் வந்துகினுதான் கீறேன் சார்." நாலே முக்காலுக்குக் கடிதத்தைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, கடைக்குப் பின்னால் போய் அம்மாவுக்குப் போன் போட்டாள். முதல் கடிதத்தை அடித்தது யார் என்று சொன்னாள். இரண்டாவதையும் சொன்னாள்.

அம்மா முதலில் கேட்டது மெஷினைப் பற்றி.

"மிசினு வந்துருமா?"

"தெரியாதும்மா. கம்பெனிதான் சொல்லணும். எழுதித்தான் குடுத்துருக்கேன்."

"நம்ம தெரு பேரும் அதுல கீதா?"

"கீதும்மா. ஏழாவது."

"எங்க, அந்த இங்கிலீஷ்ல படி."

செவ்வந்தி படித்தாள். மாரியம்மன் கோயில் ஸ்ட்ரீட்டில் தொடங்கி அந்தோணியார் ஸ்ட்ரீட்டில் முடித்தாள்.

"இன்னொரு தபா படிடீ" என்றாள் ஆண்டாளம்மாள்.