பதினேழாம் பதிவு

"பதினேழாம் பதிவை அழிச்சிடும்மா" என்று மருமகளிடம் சொன்னபோது என் குரல் தடுமாறவில்லை. குடும்பப் பதிவேட்டில் பதினேழு என் தம்பி. ஆறு மாதத்துக்கு முன், மகளின் புகுந்த வீட்டார் கூடியிருந்த சபையில், எங்கள் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெறவில்லை, நீக்கப்பட்டார் என்று போட்டு உடைத்தவன். உண்மைதான். அதற்காக உண்மையையெல்லாம் சபையில் கொட்ட வேண்டுமா? இனி இவன் எங்கள் குடும்பத்தில் இல்லை என்று அங்கேயே எழுந்து நின்று சொன்னேன். சொன்ன சொல்லை மாற்றி எனக்குப் பழக்கமில்லை.

மருமகள் ஒரு மருத்துவமனையின் தரவுத்தளத்தை நிர்வகிக்கிறாள். எங்கள் குடும்பத்தாரையும் அதே ஒழுங்கில் கணினியில் வைத்திருக்கிறாள். ஆட்களுக்கு ஓர் அட்டவணை, திருமணங்களுக்கு இன்னொன்று, ஒன்றோடொன்று கோத்தபடி.

சிறிது நேரம் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"என்னம்மா, அழிஞ்சுதா?"

"அழிக்கச் சொன்னா உடனே அழிக்க மாட்டேன் மாமா. முதல்ல ஒரு நகல் எடுப்பேன். அப்புறம் கூடச் சேர்ந்து என்னென்ன போகும்னு எண்ணிப் பார்ப்பேன். முப்பத்தொரு பதிவு போகுது."

"அவன் ஒருத்தன்தானே?"

"உங்க கல்யாணத்துக்குச் சின்ன மாமாதான் சாட்சிக் கையெழுத்து. சாட்சி இல்லாம ஒரு கல்யாணமும் ஏறக் கூடாதுன்னு விதி வைக்கச் சொன்னது நீங்க. அவர எடுத்தா உங்க கல்யாணம் நிக்காது. அது போனா பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாரும் போயிடுவாங்க. நீங்களும் அத்தையும் சும்மா ஒரே வீட்ல குடியிருக்கறவங்க ஆயிடுவீங்க."

அடுக்களையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "நாப்பத்தாறு வருஷம் கழிச்சு விடுதலையா? யோசிக்காத, அழிச்சிடும்மா!"

நான் சிரிக்கவில்லை. ஆனால் மாதக்கணக்கில் நெஞ்சில் இறுகிக் கிடந்த ஒன்று மெல்லத் தளர்ந்தது. நான் சொல் தவறவில்லை, விதி விடவில்லை. அதுவும் நானே வைத்த விதி. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்க முடியாது.

"விதின்னா விதிதான். இருந்துட்டுப் போகட்டும்."

"சரி மாமா." சிரிப்பை அடக்கியபடி பதிவை மூடப் போனாள்.

"நில்லு. விலாசம் தப்பா இருக்கு. வீடு மாறி மூணு மாசமாச்சு. ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்த முழங்கால வச்சுக்கிட்டு எப்படித்தான் ஏறுறானோ."

எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. பழைய கதவெண்ணை ஒவ்வோர் இலக்கமாக அழிக்கத் தொடங்கினாள். நான் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.